ஜீரோ பாத்துக்கங்கண்ணே

பெட்ரோல் விலை ஏறிவிட்டது என்று யாராவது புலம்பினால், "எனக்கென்னப்பா, நான் எப்பவும் நூறு ரூபாய்க்குத்தானே போடுறேன்" என்று சொல்வது ஒத்தக்கடை டீக்கடையில் என் வாடிக்கை. இது என் சொந்தச் சரக்கு இல்லை. எனக்கு முன்னால் ஐம்பதுக்குப் போட்டவர்கள் சொன்னது; அவர்களுக்கு முன்னால் இருபதுக்குப் போட்டவர்களும் சொல்லியிருப்பார்கள். அவர்கள் சிரிப்பதற்காகச் சொன்னார்கள். நான் நம்பிச் சொன்னேன்.

மதுரை கீழவாசல் பக்கம் ஒரு ஹார்டுவேர் கடையில் கணக்கு எழுதுகிறேன். ஊரார் பாக்கியெல்லாம் பைசா சுத்தமாக என் நோட்டில் இருக்கும். வீட்டுச் செலவு மட்டும் எந்த நோட்டிலும் ஏறாது. ஏற்றினால் அழிக்க ரப்பர் வாங்க வேண்டும், அது இன்னொரு செலவு.

முன்பெல்லாம் பெட்ரோல் விலை எப்போதாவதுதான் ஏறும். நள்ளிரவு முதல் ஏறுகிறது என்று டிவியில் ஓடியதும் ராத்திரி பத்து மணிக்குப் பங்க்கில் கூட்டம் அள்ளும். நானும் போய் நிற்பேன், நூறு ரூபாயோடு. வரிசை நகர நகர வண்டியை அணைத்து, உதைத்து, அணைத்து, உதைத்து, கடைசியில் ரெண்டு ரூபாய் மிச்சம் பிடித்துவிடுவேன். அந்தச் சந்தோஷத்தில் ஒரு டீ குடித்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவேன். 2017 ஜூன் 16 முதல் தினமும் காலை 6 மணிக்கு விலை மாறும் என்று ஆக்கிவிட்டார்கள். இருபது காசு, முப்பது காசு என்று ஏறியதால் எந்த ராத்திரி போய் நிற்பது என்று தெரியாமல் போயிற்று. அந்த டீயும் போயிற்று.

2021 ஜூலைத் தொடக்கத்தில் சென்னையில் லிட்டர் 100 ரூபாயைத் தாண்டியது. அதுவரை நூறு ரூபாய்த் தாளை நீட்டினால் ஒரு லிட்டரும் அதற்கு மேல் ஏதோ கொஞ்சமும் கிடைத்தது. வண்டியை எடுக்கும்போது ஒரு தோரணை இருக்கும். அதற்கப்புறம் "ஒரு லிட்டர் போடுங்க" என்று சொல்ல வாய் வரவில்லை. சொன்னால் நூற்றுச் சொச்சம் கேட்பார்கள், அந்தச் சொச்சத்துக்குச் சட்டைப் பையைத் துழாவ வேண்டும், பின்னால் நிற்கிற புல்லட்காரர் ஹாரன் அடிப்பார். அதனால் "நூறுக்குப் போடுங்க" என்று மெதுவாகச் சொல்வேன். பங்க்கில் வேலை பார்க்கும் பையன் மட்டும் என்னிடம் மரியாதை குறைக்கவில்லை. முழு டேங்க் போடுகிறவரிடம் சொல்லும் அதே குரலில் என்னிடமும் சொல்வான்: "ஜீரோ பாத்துக்கங்கண்ணே." நானும் கண் இமைக்காமல் ஜீரோவைப் பார்ப்பேன். அந்த மீட்டரில் எனக்கு முழுசாகக் கிடைப்பது அது ஒன்றுதான்.

அந்த வருஷம் பிப்ரவரியில் போபாலில் உசத்தி ரகப் பெட்ரோல் நூறைத் தொட்டபோது சில பங்க்குகளில் விற்பனையையே நிறுத்திவிட்டார்கள். பழைய இயந்திரங்களில் ரூபாய்க்கு இரண்டு இலக்கத்துக்குத்தான் இடம் வைத்திருந்தார்கள். மூன்றாவது இலக்கம் ஒன்று வரும் என்று செய்தவர்கள் நினைத்தே பார்க்கவில்லை. செய்தியைப் படித்ததும் அந்த இயந்திரத்தின் மேல் எனக்கு ஒரு சகோதர பாசம் வந்தது. என் சம்பளத்தை முடிவு செய்தவரும் அப்படித்தான் இருந்திருக்க வேண்டும்.

ஆகஸ்டில் தமிழக அரசு 3 ரூபாய் வரியைக் குறைத்தது. சென்னையில் 102.49 ஆக இருந்த விலை 99.47 ஆயிற்று. உட்கார்ந்து கணக்குப் போட்டேன், தொழிலே அதுதானே. சென்னைக்காரர் நூறு ரூபாய் கொடுத்தால் ஒரு லிட்டரும் மேற்கொண்டு 5 மில்லியும் கிடைக்கும். இருமல் மருந்துக்கு ஒரு ஸ்பூன் அளவு. மதுரையில் விலை சில காசு கூடத்தான் இருக்கும் என்பதை மறைத்து, "நம்ம நூறு மறுபடி லிட்டரைத் தாண்டிருச்சு" என்று வீட்டில் அறிவித்தேன்.

"அந்த அஞ்சு மில்லிய வச்சு எங்க கூட்டிட்டுப் போகப் போறீங்க?" என்றாள் மனைவி.

லிட்டருக்கு ஐம்பது கிலோமீட்டர் என்று வைத்தாலும் ஐந்து மில்லிக்கு இருநூற்றைம்பது மீட்டர். "தெருமுனைப் பிள்ளையார் கோவில்வரைக்கும் போகலாம்" என்றேன்.

"திரும்பி?"

அதற்கு அடுத்த வரிக்குறைப்புவரை காத்திருக்க வேண்டும்.

உலக விவகாரத்தில் எனக்கு ஆர்வம் வந்ததும் இந்தப் பெட்ரோலால்தான். 2020 ஏப்ரல் 20-ஆம் தேதி அமெரிக்காவில் கச்சா எண்ணெய் விலை பூஜ்யத்துக்குக் கீழே போனது. விற்கிறவனே பீப்பாய்க்கு 37 டாலருக்கு மேல் கையில் கொடுத்து, எடுத்துப்போ என்று கெஞ்சுகிற நிலைமை. ஊரடங்குக் காலம். வண்டி திண்ணையோரம் படுத்திருந்தது. நான் போனில் செய்தியைப் படித்துவிட்டு, கேனைக் கழுவிக் கவிழ்த்து வைத்தேன். பெட்ரோலும் கொடுத்துச் செலவுக்கும் ஏதாவது கொடுப்பார்கள் என்று உள்ளூர ஒரு நினைப்பு. மே மாதம் மத்திய அரசு பெட்ரோல் மேல் 10 ரூபாயும் டீசல் மேல் 13 ரூபாயும் வரி ஏற்றியது. விலை இறங்கிய லாபம் எங்கே போயிற்று என்று அப்போது புரிந்தது. கேனில் இப்போது தவிடு இருக்கிறது.

அப்புறம் 2021 நவம்பரிலிருந்து நாலு மாதத்துக்கு மேல் விலை அசையவே இல்லை. உத்தரப் பிரதேசம், பஞ்சாப், கோவா என்று ஐந்து மாநிலங்களில் தேர்தல். வடக்கே யாரோ மையிட்ட விரலைத் தூக்கிக் காட்ட, தெற்கே நான் நிம்மதியாக வண்டி ஓட்டினேன். முடிவு வந்த கொஞ்ச நாளில், 2022 மார்ச் 22 முதல் பதினாறு நாளில் பதினாலு தடவை ஏற்றி, மொத்தம் 10 ரூபாய் ஆக்கினார்கள். அன்றிலிருந்து எந்த மாநிலத்தில் தேர்தல் என்றாலும் எனக்கு அது நெருங்கிய உறவுக்காரர் வீட்டு விசேஷம்தான்.

என் வண்டியைப் பற்றிச் சொல்ல வேண்டும். டிவிஎஸ் எக்ஸெல். என்னுடையதில் பெட்ரோல் அளவு காட்டும் முள் கிடையாது, காதுதான் முள். ஹேண்டில் பாரைப் பிடித்து ஒரு ஆட்டு ஆட்டினால் டேங்கில் சளக் என்று கேட்கும். கேட்கிற சத்தத்தை வைத்து மாட்டுத்தாவணி தாண்டுமா தாண்டாதா என்று சொல்லிவிடுவேன். சத்தமே இல்லை என்றால் மூடியைத் திறந்து ஒற்றைக் கண்ணால் பார்ப்பேன். அங்கேயும் ஒன்றும் தெரியவில்லை என்றால் வண்டியைப் பக்கவாட்டில் படுக்கப் போட்டு எடுப்பேன். மூலையில் பதுங்கியிருக்கிற பெட்ரோல் இறங்கி வரும். நடுரோட்டில் படுத்த வண்டியையும் பக்கத்தில் நிற்கிற என்னையும் பார்த்து ஜனங்கள் ஓடி வருவார்கள். "அடி கிடி பட்டுருச்சாண்ணே?" "இல்லப்பா, பெட்ரோல் இறங்குது." வந்தவர்கள் முகத்தில் ஒரு ஏமாற்றம் தெரியும். அடிபட்டிருந்தால் தண்ணீராவது வாங்கிக் கொடுத்திருப்பார்கள்.

சிக்னலில் இன்ஜினை அணைத்தால் பெட்ரோல் மிச்சம் என்று பங்க்கிலேயே போர்டு வைத்திருக்கிறார்கள். அணைக்கிறேன். பச்சை விழுந்ததும் உதைக்கிறேன். உதைத்துக் கிளம்புவதற்குள் மறுபடி சிவப்பு விழுந்துவிடும். அந்தச் சிவப்பிலும் மிச்சம் பிடிக்கிறேன்.

2025-ல் பெட்ரோலில் 20 சதவீதம் எத்தனால் கலந்தாயிற்று. கரும்பு, அரிசி, மக்காச்சோளத்திலிருந்து வடிக்கிற சரக்கு. எங்கள் பரம்பரையில் யாருக்கும் குடிப்பழக்கம் கிடையாது. முதலில் ஆரம்பித்தது வண்டிதான். காலையில் எழுப்பினால் எழுந்திருப்பதில்லை. எழுந்தாலும் இருமுகிறது. மைலேஜ் குறைகிறதே என்றால், கொஞ்சம்தான் குறையும் என்று மத்திய அரசு சொல்கிறது. குடிக்கிறவர் இருக்கிற எந்த வீட்டிலும் முதலில் சொல்வது அதைத்தான்: கொஞ்சம்தான்.

பெட்ரோலாவது ஒரு ஆண்பிள்ளை வண்டியோடு படுகிற பாடு. கேஸ் சிலிண்டர் அப்படி இல்லை, குடும்பமே அதைச் சுற்றித்தான் சுழல்கிறது. 2020 நவம்பரில் சென்னையில் 610 ரூபாய்க்கு விற்ற 14.2 கிலோ சிலிண்டர் 2023 மார்ச்சில் 1,118 ரூபாய் 50 காசுக்குப் போனது. நாட்டுக்கு வேண்டிய சமையல் கேஸில் பாதிக்கு மேல் கப்பலில்தான் வருகிறது. சவூதியில் அராம்கோ கம்பெனி மாதாமாதம் சொல்கிற விலையை ஒட்டித்தான் இங்கே கணக்கு. ஒத்தக்கடையில் ஒரு விசில் கூட வைப்பதா வேண்டாமா என்பதை அங்கே யாரோ முடிவு செய்கிறார்கள்.

இதற்கு நடுவில் மானியம் என்று ஒன்று இருந்தது. 2015-லிருந்து முழு விலையும் கொடுத்து வாங்கினால் மானியம் வங்கிக் கணக்குக்கு வரும் என்றார்கள். அதே வருஷம், வசதி உள்ளவர்கள் மானியத்தை விட்டுக்கொடுங்கள் என்று பிரதமர் கேட்டுக்கொண்டார். அவர் என்னைக் கேட்கவில்லை என்பதில் எனக்குச் சந்தேகமே வரவில்லை. வசதியில்லாதவன் என்று நெஞ்சை நிமிர்த்திச் சொன்ன ஒரே சந்தர்ப்பம். நான் விட்டுக்கொடுக்கவில்லை, 2020 மே மாதத்துக்கு மேல் பார்த்தால் மானியம் என்னை விட்டுக்கொடுத்திருந்தது. அதுவரை கணக்கில் இருபது ரூபாய்ச் சொச்சம் விழும். அது விழுந்ததைச் சொல்ல வங்கியிலிருந்து ஒரு எஸ்.எம்.எஸ். வரும். எஸ்.எம்.எஸ். அனுப்பியதற்கு என்று பிறகு ஒரு தொகை பிடித்துக்கொள்வார்கள்.

விலை குறைந்ததும் உண்டு, இல்லை என்று சொல்லக் கூடாது. 2023 ஆகஸ்ட் கடைசியில் 200 ரூபாய் குறைத்தார்கள். 2024-ல் மகளிர் தினத்தன்று 100 ரூபாய் குறைப்பதாக அறிவித்தார்கள். அந்த நாளுக்கு என் மனைவிக்குப் பரிசு என்று ஒன்று கிடைத்தது அந்த வருஷம்தான். நான் வாங்கித் தந்ததாகவே சொல்லிக்கொண்டேன். அடுத்த வருஷம் ஏப்ரலில் 50 ரூபாய் ஏற்றியபோது அதுவும் நான் செய்ததாகத்தான் ஆயிற்று.

சிலிண்டர் மாட்டிய தேதியை மனைவி அடுப்படிக் காலண்டரில் குறித்து வைப்பாள். தீர்ந்த அன்றைக்குக் காலண்டரைத் தூக்கிக்கொண்டு வந்துவிடுவாள். போன தடவையைவிட ரெண்டு நாள் முன்னால் தீர்ந்திருந்தால் வீட்டில் விசாரணை. யார் வந்தார்கள், யார் வெந்நீர் வைத்தார்கள். என் தங்கை குடும்பம் வந்து தங்கியது சாட்சியத்தோடு வெளியே வரும். அவள் தம்பி குடும்பம் வந்தது மட்டும் அந்தச் சிலிண்டரில் வராது, எப்போதும் முந்தின சிலிண்டர்தான்.

சிக்கனக் கமிட்டிக்குத் தலைவர் நான். பருப்பை ஊற வை, குக்கரில் மூணு பாத்திரத்தை அடுக்கு, பாத்திரத்தை மூடி வேகவை, சிலிண்டரை ஈரத்துணியால் துடைத்தால் கேஸ் நிற்கிற மட்டம்வரை ஈரம் காயத் தாமதமாகும், அதை வைத்து மிச்சம் எவ்வளவு என்று பார் என்றெல்லாம் வாட்ஸப்பில் வந்ததைப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, "இதெல்லாம் நான் கல்யாணமான வருஷத்துலருந்து பண்ணிட்டிருக்கேன். நீங்க ஒண்ணே ஒண்ணு பண்ணுங்க. சாப்பிடக் கூப்பிட்டா உடனே வாங்க" என்றாள். நான் ஒரு நேரம், மகன் ஒரு நேரம், மகள் ஒரு நேரம் என்று வந்து சூடான தோசை கேட்பதில் கல்லை மூணு தடவை காய வைக்க வேண்டியிருக்கிறதாம். சரிதான் என்று எல்லாரும் ஒன்றாக உட்கார்ந்தோம். அப்போதுதான் பார்த்தேன்: எங்களுக்கெல்லாம் ஊற்றி முடித்து அடுப்பை அணைத்துவிடுவாள். அதற்கப்புறம் கல்லில் இருக்கிற சூட்டில் ஒன்றை ஊற்றி மூடி வைப்பாள். பாதி வெந்தும் வேகாமலும் இருக்கும் அந்தத் தோசை அவளுடையது. கமிட்டி அந்த விஷயத்தைப் பற்றி ஒன்றும் பேசவில்லை.

வீட்டில் இரண்டாவது டீ நின்றது. எனக்கு டீக்கடை இருக்கிறதே என்று போனேன். அண்ணாச்சிக்கு 19 கிலோ கடைச் சிலிண்டர். அதற்கு மாதம் ஒன்றாம் தேதியானால் விலை மாறும். அவர் டீ விலையை ஏற்றினார். வடை விலையை ஏற்றவில்லை, நடுவில் இருக்கிற ஓட்டையைப் பெரிசாக்கிவிட்டார். ஆக, வீட்டில் மிச்சம் பிடித்த கேஸுக்கு நான் கடையில் காசு கொடுத்தேன்.

அடுத்தது இண்டக்ஷன் அடுப்பு. தமிழ்நாட்டில் வீடுகளுக்கு ரெண்டு மாதத்துக்கு 100 யூனிட் கரண்ட் இலவசம் என்ற தைரியத்தில் தவணைக்கு வாங்கி வந்தேன். நாங்கள் இருப்பது வாடகை வீடு. அந்த 100 யூனிட் வீட்டுக்காரர் வாசலோடு நின்றுவிடும். எங்களுக்கு அவர் வைத்த சப் மீட்டர், யூனிட்டுக்கு அவர் சொல்கிற ரேட். மாதக் கடைசியில் டார்ச் லைட்டோடு வந்து மீட்டரைப் பார்த்துவிட்டு, "என்ன சார், ஏசி கீசி போட்டுருக்கீங்களா?" என்று விசாரித்தார். தென்னை மட்டையில் வெந்நீர் வைத்துப் பார்த்தோம். புகை பட்டுச் சுவர் கருக்கிறது, வெள்ளையடிக்கிற செலவு யார் கொடுப்பது என்று அதற்கும் வந்தார். இப்போது இண்டக்ஷன் அடுப்பின் மேல் மகள் புத்தகம் அடுக்கியிருக்கிறாள். தவணை மட்டும் சூடு குறையாமல் போய்க்கொண்டிருக்கிறது.

காய்கறிக்காரம்மாவிடம் ஒரு தடவை வாதாடிப் பார்த்தேன். ஒட்டன்சத்திரத்திலிருந்து தக்காளி வருகிற லாரிக்கு டீசல் ஏறிவிட்டது என்று விலையைக் கூட்டியிருந்தது அந்தம்மா. நியாயம்தான். 2022 மே மாதம் மத்திய அரசு டீசலுக்கு 6 ரூபாய் வரியைக் குறைத்ததும் செய்தித்தாளை மடித்து எடுத்துக்கொண்டு போனேன்.

"டீசல்தான் இறங்கிருச்சேம்மா?"

"இது போன வாரத் தக்காளிண்ணே. ஏறின டீசல்ல வந்தது."

"இப்பத்தான் அந்தக்காகிட்ட காலைல பறிச்சதுன்னு சொன்னீங்க?"

"காலைல பறிச்சதுதான். அதுக்கு உரம் வந்தது போன மாசம்ல?"

கணக்கு எழுதுகிறவனிடமே இப்படி ஒரு பதில். அரைக் கிலோ வாங்கிக்கொண்டு வந்தேன்.

2021 மே மாதத்திலிருந்து சாதாரண டவுன் பஸ்ஸில் பெண்களுக்கு டிக்கெட் இல்லை. மகள் காலேஜுக்குப் போகிறாள், மனைவி தைத்த ஜாக்கெட்டுகளைக் கடையில் கொடுக்கப் போகிறாள், செலவில்லை. எங்கள் வீட்டில் நகர்ந்தால் காசு கேட்கிற உயிர்கள் நானும் மகனும்தான். நானும் மனைவியுமாக எங்கேயாவது கிளம்பினால், "நான் பஸ்ல வந்துர்றேன், நீங்க வண்டில வாங்க. டபுள்ஸ் போனா பெட்ரோல் கூட இழுக்கும்" என்பாள். பெரியப்பா வீட்டுக் கல்யாணத்துக்கு அவள் முன்னால் போய் இறங்க, நான் வண்டியைப் படுக்கப் போட்டு எடுத்து, அரை மணி நேரம் கழித்துக் கரியோடு போய்ச் சேர்ந்தேன். ரெண்டு பேருக்கும் பேச்சுவார்த்தை இல்லை என்று பந்தியில் ஒரு செய்தி பரவி, சாப்பிட்டு முடிவதற்குள் பெரியம்மா என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் புத்தி சொன்னார்கள். "கோவம் இருந்தாலும் ஒரே வண்டில வாங்கப்பா, நாலு பேர் பாக்குறாங்கல்ல?"

கடையில் எனக்குப் பெட்ரோல் படி உண்டு. பெரிய முதலாளி காலத்தில், பெட்ரோல் எழுபதுச் சொச்சம் விற்றபோது முடிவான தொகை. இப்போது கடையைப் பார்ப்பது அவர் மகன். என்னை அண்ணே என்றுதான் கூப்பிடுவார். எவ்வளவு மரியாதையோ அவ்வளவு கெட்டி. ஒரு நாள் தைரியத்தை வரவழைத்துக்கொண்டு, விலை விவரத்தையெல்லாம் வருஷவாரியாக ஒரு தாளில் எழுதி நீட்டினேன். பொறுமையாகப் படித்தார். "நியாயம்ணே. நூறு ரூபா கூட்டிக்கங்க" என்றார். நான் கும்பிடப் போனேன். "அப்படியே திருவாதவூர்ப் பக்கத்து வசூலையும் நீங்களே பாத்துருங்கண்ணே. உங்க வீட்டுப் பக்கம்தானே?"

வீட்டுப் பக்கம்தான். வீட்டைத் தாண்டி, கடைக்கு நேர் எதிர்த் திசையில்.

ராத்திரி மனைவியிடம் சொன்னேன். காலண்டர்த் தாளைக் கிழித்துப் பின்பக்கம் கணக்குப் போட்டாள். கூட்டிய நூறு ரூபாய் ஒரு லிட்டருக்குக்கூடக் காணாது. வசூலுக்குப் போய் வந்தால் படி பழைய படியைவிடக் குறைகிறது. யோசித்துவிட்டு அவளே ஒரு வழி சொன்னாள்.

"திருவாதவூருக்கு டவுன் பஸ் இருக்குல்ல. எனக்கு டிக்கெட் கிடையாது. நான் போயி வசூல் பண்ணிட்டு வந்துர்றேன். படி அப்படியே மிச்சம்."

மறுநாள் முதலாளியிடம் தயங்கித் தயங்கிச் சொன்னேன். அவருக்கு ஒரே சந்தோஷம். "அக்காவையே அனுப்புங்கண்ணே. நீங்க போனா பாதிப் பேரு நாளைக்கின்னு சொல்லிருவான், அக்கா போனா குடுத்துருவான்" என்றார். அந்தப் பாராட்டை வாங்கிக்கொண்டு திரும்பியபோது, பின்னாலிருந்து கூப்பிட்டார்.

"அண்ணே, பஸ்தான் ஃப்ரீயாச்சே. அப்ப அந்த நூறு ரூபா எதுக்கு?"